இரண்டு ஆறு வாரப் புற்கள்: பாலைவனத்தில் எந்தப் புல் எங்கே முளைக்கிறது, ஏன்?

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனத்தில் 'ஆறு வாரப் புல்' என்று பெயர் வாங்கிய புற்கள் இரண்டு உண்டு. ஒன்று ஆறு வார ஃபெஸ்க்யூ, இன்னொன்று ஆறு வார கிராமா. இரண்டும் ஒருபருவப் புற்கள். மழை விழுந்ததும் முளைத்து, அவசர அவசரமாகக் கதிர் விட்டு, விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். ஆறு வாரம் என்பது தோராயக் கணக்குதான். பெயரில் இருக்கும் அவசரம் மட்டும் உண்மை.

இரண்டும் ஒரே மண்ணில் வளரக்கூடியவை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பச்சையாகப் பார்ப்பது கடினம். ஃபெஸ்க்யூ குளிர்கால மழைக்கு முளைத்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் விரல் நீளத்துக்கு மெலிசாக நிற்கும். வெயில் ஏறியதும் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். கிராமா அதுவரை வெறும் விதை. ஜூலையில் கோடை மழை இறங்கி, பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போதுதான் அது தலை நீட்டும். சீப்புப் பற்களைப் போல ஒரு பக்கமாக அடுக்கிய கதிர்களோடு, வெயில் உறைக்க உறைக்க வளரும்.

ஒரே இடம், ஒரே மண், ஒரே ஆண்டு. ஒரு புல்லுக்குக் குளிர்காலம், இன்னொரு புல்லுக்குக் கொதிக்கும் கோடை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் இலைக்குள் இருக்கிறது. இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு. ஃபெஸ்க்யூ சி3 வகை, கிராமா சி4 வகை. இந்த இரண்டு பெயர்களும் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொண்டால், உலகின் பாலைவனங்களில் எந்தப் புல் எங்கே நிற்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விதிவிலக்குகளும் வரப்போகின்றன.

ஆள் மாறிப் பிடிக்கும் நொதி

பள்ளியில் படித்த ஒளிச்சேர்க்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது, வேரிலிருந்து வரும் தண்ணீரைச் சேர்க்கிறது, வெளிச்சத்தின் ஆற்றலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இதில் பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. காற்றில் மிதக்கும் கரியமில வாயுவை முதலில் பிடிப்பது யார்?

பிடிப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. பிடித்த கையோடு அது உண்டாக்கும் முதல் பொருளில் மூன்று கார்பன் அணுக்கள் இருக்கும். அதனால்தான் சி3 என்ற பெயர். நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் என்று தாவர உலகின் மிகப்பெரும் பகுதி இந்த வழியில்தான் போகிறது. இந்தச் சுழற்சியைப் படிப்படியாகக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ரூபிஸ்கோவிடம் இரண்டு குறைகள். முதலாவது, படு மந்தம். பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கையாளும். இது நொடிக்கு மூன்று முதல் பத்து வரை கையாண்டால் பெரிய விஷயம். அதை ஈடுகட்ட இலை ஏராளமான ரூபிஸ்கோவை உற்பத்தி செய்து வைத்துக்கொள்கிறது. இலையில் உள்ள புரதத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு நொதிதான்.

இரண்டாவது குறைதான் நம் கதைக்கு முக்கியம். ரூபிஸ்கோ சில நேரம் ஆள் மாறிப் பிடித்துவிடும். கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இந்த நொதி தோன்றிய காலத்தில் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை, அதனால் அன்றைக்கு இது ஒரு குறையே அல்ல. இன்றோ காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். கரியமில வாயுவோ 0.04 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கூட்டத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஒருவர், தேடுவது வேறொருவர் என்றால் தப்பு நடக்கத்தானே செய்யும்.

தப்பாகப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அந்த வேலையில், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் கரியமில வாயுவாக வெளியேறியும் விடும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு சி3 இலையின் ரூபிஸ்கோ நான்கு முறை பிடித்தால், அதில் ஏறக்குறைய ஒரு முறை ஆக்சிஜனைப் பிடிக்கிறது. வெப்பம் ஏற ஏற நிலைமை இன்னும் மோசமாகும். சூடேறும் நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும் அளவு ஆக்சிஜனைவிட வேகமாகக் குறைகிறது. ரூபிஸ்கோவுக்கு ஆள் அடையாளம் காணும் திறனும் சூட்டில் மழுங்குகிறது.

இதோடு பாலைவனத்தின் சொந்தப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு உள்ளே வர வேண்டுமானால் இலைத்துளைகள் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அதே வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சேர்க்க ஒரு சி3 செடி ஏறத்தாழ 400 முதல் 500 தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கிறது. தண்ணீரைக் காப்பாற்றலாம் என்று துளைகளைக் குறுக்கினால், இலைக்குள் கரியமில வாயு குறைந்து ஆக்சிஜனின் கை ஓங்கும். ரூபிஸ்கோ மேலும் தடுமாறும். வெயிலும் வறட்சியும் சேர்ந்து வந்தால் சி3 இலைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான்.

நரம்பைச் சுற்றிய மாலை

இந்தச் சிக்கலுக்குச் சில செடிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. அந்த வழியை மனிதர்கள் கண்டுபிடித்த கதையும் சுவையானது. அது பாலைவனத்தில் தொடங்கவில்லை, கரும்பில் தொடங்கியது. ஹவாயில் கரும்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹியூகோ கோர்ட்ஷாக், கான்ஸ்டன்ஸ் ஹார்ட், ஜார்ஜ் பர் ஆகியோர் கதிரியக்கக் கார்பனைக் கரும்பு இலைக்கு ஊட்டிப் பார்த்தார்கள். கால்வின் சொன்ன மூன்று கார்பன் பொருள் முதலில் வரும் என்று எதிர்பார்த்தால், நான்கு கார்பன் கொண்ட அமிலங்கள் வந்து நின்றன. அதை அவர்கள் முறையாக வெளியிட்டது 1965இல்தான். சோவியத் ரஷ்யாவில் யூரி கார்ப்பிலோவ் அதற்கு முன்பே, 1960இல், மக்காச்சோளத்தில் இதே போன்ற ஒன்றைப் பார்த்திருந்தார். உலகம் கவனிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் 1966 முதல் இதன் படிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சி4 என்பது தனி வழி என்று நிலைபெற்றது.

வழி இதுதான். ரூபிஸ்கோவுக்கு முன்னால் இன்னொரு நொதியை நிறுத்துகிறது செடி. அதன் பெயர் பெப் கார்பாக்சிலேஸ். அதற்கு ஆக்சிஜனைப் பார்த்தால் எந்த ஈர்ப்பும் கிடையாது, ஆள் மாறாது. இலையின் வெளிப்புற செல்களில் இருந்துகொண்டு, உள்ளே வரும் கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாகக் கட்டுகிறது. அந்த அமிலம் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை செல்களுக்குள் போகிறது. அங்கே கட்டு அவிழ்க்கப்பட்டு கரியமில வாயு மறுபடி வெளியே வருகிறது. ரூபிஸ்கோ இருப்பது அந்த உள்ளறையில்தான். உறை செல்லின் சுவர் தடிமனானது, வாயு எளிதில் கசிந்து போகாது. அதனால் அங்கே கரியமில வாயுவின் செறிவு வெளிப்புற செல்களில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு வரை ஏறிவிடுகிறது. சுற்றி நிற்பதெல்லாம் தேடும் ஆளே என்றால், மந்தமான ரூபிஸ்கோகூடத் தப்பில்லாமல் வேலை செய்யும்.

ஒரு கோதுமை இலையையும் ஒரு மக்காச்சோள இலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். இரண்டிலும் நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். ஆனால் மக்காச்சோளத்தில் பெரிய நரம்புகளுக்கு நடுவே மெல்லிய நரம்புகள் நெருக்கி நெருக்கி ஓடுவது தெரியும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். கோதுமையில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இடைவெளி. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் காரணம் புரிந்துவிடும். சி4 இலையில் இரண்டு நரம்புகளின் உறைகளுக்கு இடையே பொதுவாக இரண்டே இரண்டு வெளிப்புற செல்கள்தான். வெளியே அமிலம் கட்டும் ஒவ்வொரு செல்லும் உள்ளறையை ஒட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு கைமாறாது. ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் கரும்பச்சை நிறத்தில் பெரிய செல்கள் மாலை போட்டது போல வளையமாக நிற்கும். காட்லீப் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் 1880களிலேயே இதைப் பார்த்து 'கிரான்ஸ்' என்று பெயரிட்டுவிட்டார். ஜெர்மன் மொழியில் மாலை என்று பொருள். அந்த மாலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பாலைவனத்துக்கு இதனால் கிடைக்கும் பெரிய லாபம் தண்ணீரில். பெப் கார்பாக்சிலேஸ் கொஞ்சமே இருக்கும் கரியமில வாயுவையும் இழுத்துப் பிடித்துவிடுவதால், இலைத்துளைகளை முழுக்கத் திறக்கத் தேவையில்லை. ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு சி4 செடி இழப்பது ஏறத்தாழ 250 தண்ணீர் மூலக்கூறுகள். ரூபிஸ்கோவும் குறைவாகப் போதும் என்பதால் நைட்ரஜன் தேவையும் குறைகிறது. சத்தில்லாத மணலில் நிற்கும் புல்லுக்கு இதுவும் சின்ன விஷயமல்ல.

சி4 ஒரே ஒரு முறை தோன்றிப் பரவிய வித்தை அல்ல. பூக்கும் தாவரங்களில் அறுபது முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, புற்களில் மட்டும் இருபது முறைக்கு மேல். இருந்தும் பூக்கும் தாவர இனங்களில் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் சி4. அதில் பெரும்பங்கு புற்களுக்கே. உலகில் உள்ள ஏறத்தாழ 12,000 புல் இனங்களில் 5,000 வரை இந்த வகை.

கள்ளியின் வழி என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பீர்கள். இரவில் துளையைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு வேலை செய்யும் அந்த மூன்றாவது வழிக்கு கேம் என்று பெயர். தண்ணீர் சிக்கனத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அதற்கு அமிலத்தை இரவு முழுக்கத் தேக்கிவைக்கத் தடித்த சதைப்பற்று வேண்டும். புல்லின் தகட்டு இலை அதற்கு ஏற்றதல்ல. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

இலவசம் இல்லை

இவ்வளவு நல்ல வழி என்றால் எல்லாப் புல்லும் சி4 ஆகியிருக்கலாமே? ஆகவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு விலை உண்டு.

கட்டு கட்டி உள்ளே அனுப்பி மறுபடி அவிழ்க்கும் வேலைக்கு ஆற்றல் வேண்டும். செல்லின் ஆற்றல் நாணயம் ஏடிபி. ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சேர்க்க சி3 வழிக்கு மூன்று ஏடிபி செலவாகும். சி4 வழியில் அதற்கு மேல் இன்னும் இரண்டு. இந்தக் கூடுதல் செலவு வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி. சி3 செடிக்கு ஒளிச்சுவாசத்தால் ஏற்படும் நட்டமோ அப்படி இல்லை, வெப்பத்தோடு ஏறும், குளிரில் இறங்கும்.

ஒருவர் ஒவ்வொரு மாதமும் நிலையான சந்தா கட்டுகிறார், இன்னொருவர் நட்டம் வரும்போது மட்டும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டம் அடிக்கடி வரும் காலத்தில் சந்தா கட்டியவர் புத்திசாலி. நட்டமே வராத காலத்தில் அவர் வீணாகக் கட்டுகிறார். இரண்டு கணக்கும் சமமாகும் வெப்பநிலை ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அளந்து பார்த்தவர்களுக்கு அது ஏறத்தாழ 22 முதல் 30 டிகிரிக்குள் கிடைத்தது. இனத்துக்கு இனம், காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவுக்கு ஏற்ப, அது கொஞ்சம் நகரும். அதற்குக் கீழே, கிடைக்கும் வெளிச்சத்தை சி3 இலை சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. அதற்கு மேலே சி4 இலை. வெளிச்சமே குறைவாக உள்ள நிழலில் இரண்டு ஏடிபியும் கணக்கில் வரும் என்பதால், சி4 புற்களில் பெரும்பாலானவை திறந்த வெளி விரும்பிகள். குளிரும் அவற்றில் பலவற்றுக்கு ஆகாது.

வெயில் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, புல் அல்ல, கீரைக் குடும்பத்துச் செடி ஒன்று. கலிபோர்னியாவின் டெத் வேலியில் கொளுத்தும் கோடையில் பச்சையாக நிற்கும் டைடிஸ்ட்ரோமியா என்ற சி4 செடி, 45 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில்தான் முழு வேகத்தில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. பெரும்பாலான செடிகள் அந்த வெப்பத்தில் கடையை மூடிவிடும். எனக்குத் தெரிந்து சி4 என்றால் என்ன என்பதை ஒரே வரியில் காட்டும் செடி இதுதான்.

மழை எந்த மாதத்தில்?

இங்கேதான் பலரும் தடுக்கி விழும் இடம். சி4 தண்ணீரைச் சேமிக்கிறது, பாலைவனத்தில் தண்ணீர் இல்லை, ஆகவே பாலைவனப் புல் என்றால் சி4 என்று மனம் நேராகப் போய்விடும். எத்தனையோ அறிமுகக் கட்டுரைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. பாதி உண்மை.

பாலைவனத்துப் புல் ஆண்டு முழுவதும் வளர்வதில்லை. மண் ஈரமாக இருக்கும் சில வாரங்கள்தான் அதற்கு ஆண்டே. மற்ற மாதங்களில் அது விதையாகவோ காய்ந்த தூராகவோ கிடக்கும். ஆகவே பாலைவனம் மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஈரம் இருக்கும் அந்தச் சில வாரங்களில் எவ்வளவு வெப்பம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கண்ணோடு வரைபடத்தைப் பார்த்தால் பல விஷயங்கள் நேராகும். தார் பாலைவனத்தில் மழையில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூலை முதல் செப்டம்பருக்குள் விழுகிறது. ஈரமும் வெயிலும் ஒன்றாக வருகின்றன. அங்கே மணலைப் பிடித்து நிற்கும் சேவன் புல், கொழுக்கட்டைப் புல் எல்லாம் சி4. வட அமெரிக்காவின் சிவாவா பாலைவனத்திலும் பாதிக்கு மேற்பட்ட மழை கோடையில்தான். அங்கே கருப்பு கிராமா, டொபோசா போன்ற சி4 புற்கள் ஆள்கின்றன.

அதே கண்டத்தில் வடக்கே நெவாடா பக்கம் போனால் கிரேட் பேசின். இதுவும் பாலைவனம்தான், ஆனால் குளிர்ப் பாலைவனம். ஈரம் குளிர்காலத்தில் பனியாக வந்து, வசந்தத்தில் உருகி மண்ணில் இறங்குகிறது. புல் வளரும் காலத்தில் காற்று சில்லென்று இருக்கும். அங்கே இந்தியன் ரைஸ்கிராஸ், புளூபன்ச் வீட்கிராஸ் என்று சி3 புற்கள். கோடை வரும்போது அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. சிவாவாவும் கிரேட் பேசினும் இரண்டுமே வறண்டவை. மழையின் மொத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

சொனோரனில் குளிர்காலத்திலும் மழை, கோடையிலும் மழை. அதனால்தான் அங்கே இரண்டு ஆறு வாரப் புற்கள். ஒரே நிலத்தை முறை வைத்துக் குடியிருக்கும் இரண்டு வாடகைதாரர்கள் மாதிரி.

ஆஸ்திரேலியா இதை ஒரு கண்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வடக்கே கோடை மழை, சி4 புற்கள். தெற்கு ஓரத்தில் குளிர்கால மழை, சி3 புற்களின் பங்கு ஏறுகிறது. நடுவே வறண்ட மணல்வெளிகளில் ஊசி முனை இலைகளோடு மேடு மேடாகக் குவிந்திருக்கும் ஸ்பினிஃபெக்ஸ் சி4 வகை. தென்னாப்பிரிக்காவிலும் இதே பாடம்தான். மழை குளிர்காலத்தில் பெய்யும் தென்மேற்கு முனையிலும் உயர்ந்த மலைகளிலும் சி3, மற்ற இடங்களில் பெரும்பாலும் சி4.

மலை என்றதும் கென்யா நினைவுக்கு வருகிறது. அங்கே மலைச்சரிவில் ஏறிக்கொண்டே புற்களைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 2,000 மீட்டருக்குக் கீழே திறந்த வெளியில் ஏறக்குறைய எல்லாமே சி4. 3,000 மீட்டருக்கு மேலே ஏறக்குறைய எல்லாமே சி3. நடுவில் கைமாறுகிறது. வட அமெரிக்காவில் ஜேம்ஸ் டீரியும் லாரன்ஸ் ஸ்டோவும் 1976இல் பல பகுதிகளின் புல் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, சி4 புற்களின் பங்கோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது ஜூலை மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை. மழையளவு அதற்கு அடுத்தபடிதான். வளரும் பருவத்து இரவு எவ்வளவு குளிர்கிறது என்பது பகல் உச்சத்தைவிட நல்ல துப்பு என்பது முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். குளிர்ந்த இரவும் காலையும் சி4 இலையை முடக்குவதை நினைத்தால் விசித்திரம் குறையும்.

சரி, விதிவிலக்குகள்

இஸ்ரேலின் நெகேவ், எகிப்தின் சினாய் பாலைவனங்கள் பக்கம் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கணக்குப்படி எல்லாம் சி3 ஆக இருக்க வேண்டும். ஒருபருவப் புற்கள் உண்மையில் அப்படித்தான், மழைக்கு முளைத்து வசந்தத்தோடு முடித்துக்கொள்ளும் காட்டு பார்லியும் ஸ்டைபா கேப்பென்சிஸும் சி3. ஆனால் மணலிலும், மழை வந்தால் மட்டும் ஓடும் ஆற்றுப் படுகைகளிலும் பானிக்கம் டர்கிடம் போன்ற சி4 புற்கள் பல ஆண்டுகள் தூராக நிற்கின்றன. குளிர்காலத்தில் பெய்த நீர் மணலின் அடியில் தங்கிவிடுகிறது. ஆழமாக வேர் விட்ட புல் அதை வெயில் ஏறிய பிறகு எடுத்துக்கொள்கிறது. அதாவது மழை பெய்யும் மாதமும் புல் தண்ணீர் குடிக்கும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் மொகாவி பாலைவனத்தின் பெரிய கலேட்டா புல்லும் இப்படிப்பட்டதுதான். சுற்றிலும் குளிர்கால மழை நிலம், நடுவே இடுப்பளவு முரட்டுத் தூராக ஒரு சி4 புல்.

மங்கோலியாவிலும் சீனாவிலும் பரந்திருக்கும் கோபி பாலைவனம் இதற்கு எதிர்ப்பக்க விதிவிலக்கு. மழை கோடையில் பெய்கிறது, சி4 ஆண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த உயரத்திலும் அட்சரேகையிலும் கோடையே குறுகியது. அதனால் அங்கே ஸ்டைபா வகை சி3 புற்களும் கிளைஸ்டோஜெனிஸ் என்ற சி4 புல்லும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ஸ்டைபா முன்னதாகப் பச்சை கட்டும், கிளைஸ்டோஜெனிஸ் வெயில் உறைத்த பிறகு.

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் மழையே பேருக்குத்தான். கடலோரத்து மணல்மேடுகளில் வளரும் ஸ்டைபாக்ரோஸ்டிஸ் சாபுலிகோலா என்ற சி4 புல் மூடுபனியைக் குடித்து வாழ்கிறது. பனித்துளிகள் இலையில் படிந்து, இலையின் நீளவாட்டுப் பள்ளங்கள் வழியாக அடித்தூருக்கு ஓடிவர, மேல்மணலில் பரவிய வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இங்கே ஒளிச்சேர்க்கை வழி கதையின் ஒரு பகுதி மட்டுமே. இலையின் வடிவமும் வேரும் இல்லாமல் சி4 மட்டும் அந்தப் புல்லைக் காப்பாற்றியிருக்காது.

சி4க்குள்ளும் கிளைகள்

கொஞ்சம் நுணுக்கமான ஒரு விஷயம், பொறுமை இருப்பவர்களுக்கு. உள்ளறையில் அமிலக் கட்டை அவிழ்ப்பதற்கு எல்லா சி4 புல்லும் ஒரே நொதியைப் பயன்படுத்துவதில்லை. அதை வைத்து மூன்று துணைவகைகள் உண்டு. நமீபியாவின் புற்களை எல்லிஸ், வோகல், ஃபுல்ஸ் ஆகியோர் 1980இல் ஆராய்ந்தபோது ஓர் அழகான ஒழுங்கு தெரிந்தது. மழை கூடக் கூட என்ஏடிபி-எம்இ என்ற துணைவகையின் பங்கு ஏறுகிறது. மழை குறையக் குறைய என்ஏடி-எம்இ துணைவகை ஏறுகிறது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் வேறு சில இடங்களிலும் இதே போக்கு தென்பட்டது.

உடனே அந்த நொதிதான் வறட்சியைத் தாங்கும் ரகசியம் என்று சொல்லத் தோன்றும். அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வறண்ட நிலத்தில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் குளோரிடாய்டே என்ற ஒரு புல் குடிவழியைச் சேர்ந்தவை. ஈரமான புல்வெளிகளில் நிறைந்திருப்பவை கரும்பு, சோளத்தின் சொந்தக்காரர்கள். குடிவழியோடு சேர்ந்து நொதி மட்டுமல்ல, வேர், இலை, விதை எல்லாமே மரபாக வருகின்றன. வறட்சியைத் தாங்குவது நொதியா, அந்தக் குடும்பம் பரம்பரையாகக் கொண்டுவந்த வேறு ஏதாவதா? பட்டியலை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதே எச்சரிக்கை சி3, சி4 ஒப்பீட்டுக்கும் பொருந்தும். கோதுமையும் ஃபெஸ்க்யூவும் சேர்ந்த குடிவழி குளிரைப் பழகிக்கொண்ட குடிவழி. அதில் ஒரு சி4 இனம்கூட இல்லை. சி4 புற்கள் அத்தனையும் வெப்பநாட்டுக் குடிவழிகளில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நெருங்கிய சி3 உறவினர்களோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வேறொரு படம் கிடைத்தது. அந்த உறவினர்களும் வெப்ப நிலத்துப் புற்களே. சி4 ஆனவை அவற்றைவிட வறண்ட, திறந்த இடங்களுக்கு நகர்ந்திருந்தன. வெப்பம் பழைய சொத்து, வறட்சியைத் தாங்குவதுதான் சி4 சேர்த்தது என்று இதைப் படிக்கலாம். எனக்கு இந்த வாசிப்பு நம்பும்படியாக இருக்கிறது. மழை மாதக் கணக்கை இது தள்ளிவிடவில்லை, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை மாற்றிச் சொல்கிறது.

எந்தப் புல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பனில் சற்றே கனமான ஒரு வகை உண்டு, கார்பன்-13. ரூபிஸ்கோ நேரடியாகப் பிடிக்கும்போது அதைப் பெரிதும் ஒதுக்கிவிடும். சி4 வழியில் அந்த ஒதுக்கல் குறைவு. கார்பன்-13 எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவுகோலில் சி3 புல் மைனஸ் 27 அருகிலும் சி4 புல் மைனஸ் 13 அருகிலும் நிற்கும், நடுவே குழப்பமில்லாத இடைவெளி. காய்ந்த தாவரப் பதிவகத் துண்டு ஒன்று போதும். அந்தப் புல்லை மேய்ந்த விலங்கின் பல்லில்கூடத் தடயம் தங்கும். ஏறத்தாழ 80 லட்சம் முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பல கண்டங்களில் சி4 புல்வெளிகள் பரவிய கதை, பெரும்பகுதி இப்படித்தான் பல்லிலிருந்தும் பழைய மண்ணிலிருந்தும் படிக்கப்பட்டது.

அழைக்காமல் வந்தவர்கள்

வெளியிலிருந்து வந்த புற்கள் எங்கே காலூன்றின என்று பார்ப்பது இந்தக் கணக்குக்கு நல்ல சோதனை. யாரும் திட்டமிடாமலேயே நடந்துவிட்ட சோதனை. கிரேட் பேசினில் பரவி நாசம் செய்வது சீட்கிராஸ், யூரேசியாவிலிருந்து வந்த சி3 ஒருபருவப் புல். இலையுதிர் காலத்திலேயே முளைத்து, உள்ளூர்ப் புற்களுக்கு முன்பே ஈரத்தைக் குடித்துவிட்டு, கோடைத் தொடக்கத்தில் காய்ந்து தீக்குத் தீனியாகிறது. மொகாவியில் அதே வேலையைச் செய்வது செந்நிற ப்ரோம், அதுவும் குளிர்கால சி3. கோடை மழை உள்ள சொனோரனிலோ வந்து உட்கார்ந்தது கொழுக்கட்டைப் புல். ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த சி4 புல், தீயே பழகாத பெரிய சாகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே எரிபொருளாகக் குவிகிறது. மேலே, வடக்கே அதை நிறுத்திவைப்பது பெரும்பாலும் உறைபனிதான். மூன்று படையெடுப்பாளர்களும் அவரவர் மாதத்துக்கு ஏற்ற பாலைவனத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டிருப்பதால் இனி என்ன ஆகும் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ரூபிஸ்கோவின் தடுமாற்றம் குறையும், ஆகவே சி3க்கு லாபம் என்பது பாடப்புத்தக விடை. அதே நேரம் வெப்பமும் ஏறுகிறது, அது சி4க்கு லாபம். எது வெல்லும்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பாலைவனம் அல்லாத ஒரு புல்வெளியில், இருபது ஆண்டுகள் கூடுதல் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பாடப்புத்தகம் சொன்னபடி சி3 வளர்ச்சி கூடியது. அதற்குப் பிறகு தலைகீழாகி சி4 கூடியது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும் விதம் மாறியது அதன் பின்னால் இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நெவாடாவின் மொகாவியில், திறந்த பாலைவனத்திலேயே, வட்ட வட்டமாகக் குழாய்கள் நட்டு இதே சோதனையைச் செய்தார்கள். 1998 நல்ல மழை ஆண்டு. கூடுதல் வாயு கிடைத்த வட்டங்களில் செந்நிற ப்ரோம் உள்ளூர் ஒருபருவச் செடிகளைத் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு வளர்ந்து விதை கொட்டியது. புதர்களும் தளிர் விட்டன. அதற்கு அடுத்து வந்தது வறண்ட ஆண்டு. குழாய்களில் வாயு அதே அளவில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கூடுதல் வாயு கிடைத்த புதருக்கும் கிடைக்காத புதருக்கும் அந்த ஆண்டு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை.